பெரிய கடைசல் இயந்திரம் வாங்கலாமா?

இடம்பெயர்ந்த இடத்தில் வயல் இல்லை. கட்டிற்காலும் உலக்கையும் கடைந்தே சில குடும்பங்கள் அடுப்பெரிக்கின்றன. கையில் சிறிது பணம் சேர்ந்ததும் பெரிய இயந்திரத்தை மனம் நாடுவது இயல்பே. கடன் எடுக்குமுன் இவற்றைச் சிந்தியுங்கள்.

1. அளவு: சுழலும் மையம் அடித்தளத்திலிருந்து 6 அங்குல உயரமாயின், 12 அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த விட்டமுள்ள மரத்தைக் கடையலாம். கட்டிற்காலுக்கு இது தாராளம். உலக்கைக்கு வேண்டியது நீளமே.

2. வேகம்: ஒரே சுற்றுவேகத்தில், 4 அங்குல மரத்தைவிட 12 அங்குல மரத்தின் விளிம்பு மூன்று மடங்கு விரைவாக ஓடும். ஆகவே வேகத்தைக் குறைக்க வசதியில்லாத பெரிய இயந்திரம் ஆபத்தானது.

3. மின்சாரம்: 1 குதிரைவலு மோட்டர் முழுச்சுமையில் மணிக்கு முக்கால் அலகுக்கு மேல் இழுக்கும், 2 குதிரைவலு அதன் இருமடங்கு.

4. இடம்: பாரமான இயந்திரத்தைச் சீமெந்துத் தளத்தில் பூட்டவேண்டும். காணிக்காரர் இணங்குவாரா? ஊர் திரும்பும்போது ஏற்றிச் செல்ல முடியுமா?

செய்து பாருங்கள்: இயந்திரம் சிறிதென்பதால் திருப்பி அனுப்பிய வேலைகளை மட்டும் மூன்று மாதம் கொப்பியில் எழுதுங்கள். அவற்றால் கிடைத்திருக்கக்கூடிய இலாபம் கடன் தவணையைவிடக் கூடுதலாயின் வாங்குங்கள். இல்லையேல் நல்ல உளிகளும் சாணைக்கல்லும் வாங்குங்கள். இருக்கும் இயந்திரமே கூடுதலாக உழைக்கும்.

முடிவெடுக்குமுன் கொப்பியை வீட்டாருக்கும் காட்டுங்கள். கடனைச் சுமப்பது முழுக் குடும்பமுமே.