தர்மத்திற்கும் குலுக்கல் ஆகாது

கேள்வி: கோவில்பட்டியை அடுத்த கரிசல் கிராமம் எங்களுடையது. தீப்பெட்டி ஆபீஸில் நேர்ந்த தீ விபத்தில் பதினான்கு மாதங்களுக்கு முன் இறந்துபோன ஒருவரின் மனைவி மக்களுக்கு நிதி திரட்ட, எங்கள் இளைஞர் மன்றம் ஹாக்கிப் போட்டியும் அன்றிரவே இன்னிசைக் கச்சேரியும் நடத்தவிருக்கிறது. 100 ரூபாய் வீதம் கூப்பன் விற்று, குலுக்கலில் முதற்பரிசாக மோட்டார் சைக்கிள் தருவதாக நோட்டீஸும் போட்டுவிட்டோம். கழுகுமலை, கயத்தாறு வரை கூப்பன்கள் விற்றாகிவிட்டன. இப்பொழுது காவல் ஆய்வாளர் குலுக்கல் நடத்தினால் வழக்குப் போடுவேன் என்கிறார். தர்ம காரியத்தைத் தடுக்கச் சட்டத்தில் இடமுண்டா?
— ஒரு வாசகர்

பதில்: தங்கள் கடிதம் நான்கு பக்கம்; அதில் விபத்தின் விவரமும் மன்றத்தின் பெருமையும் மூன்றரைப் பக்கத்தை நிரப்பியிருக்க, வழக்கை நிர்ணயிக்கும் விஷயமாகிய அந்தக் கூப்பன் ஒரே வரியில் ஒதுங்கி நிற்கிறது. ஆய்வாளர் சொன்னது சரி. பணம் கொடுத்துச் சீட்டு வாங்குவது, அதிர்ஷ்டத்தால் ஒருவர் தெரிந்தெடுக்கப்படுவது, அவருக்குப் பரிசு கிடைப்பது என்ற மூன்றும் ஓரிடத்தில் கூடினால் அது லாட்டரி. திரண்ட பணம் விதவையின் கைக்குப் போகிறதா, வேறொருவர் பைக்குப் போகிறதா என்பதைப் பொறுத்து அதன் சுபாவம் மாறுவதில்லை.

1968-இல் இம்மாநில அரசே பரிசுச் சீட்டு நடத்தத் தொடங்கிய காலத்தைக் கண்ட பெரியவர்கள், நல்ல காரியத்திற்குக் குலுக்கல் போடுவதில் தோஷமில்லை என்று இன்னும் எண்ணுவது இயல்பே. ஆனால் 2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு விற்பனை முழுவதும் தடை செய்யப்பட்டது. அரசு நடத்துவதோ அரசு அனுமதித்ததோ அல்லாத குலுக்கலுக்கென இடம் வைத்திருப்போருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்க முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 294ஏ பிரிவு இடமளித்தது. 2024 ஜூலை முதல் தேதி தொட்டு அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 297-ஆம் பிரிவாக இருந்துவருகிறது. ஒரு நாள் மட்டும் பந்தல் போட்ட திடல் சட்டம் சொல்லும் ‘இட’மாகுமா என்று வாதாடலாம்தான், எனினும், சீட்டு எண்ணைக் குறித்துப் பரிசு தருவதாக விளம்பரம் வெளியிடுவதே அப்பிரிவின்படி 5,000 ரூபாய் வரை அபராதத்துக்குரிய தனிக் குற்றமாகையால், தாங்கள் அச்சிட்ட நோட்டீஸுக்கு அந்த வாதம் துணை வராது.

நோட்டீஸ் அச்சிடுமுன் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை, கூப்பன்கள் மூன்று ஊர் சுற்றிய பிறகு கேட்கிறீர்கள். அதுவும் போகட்டும். எந்தப் புத்தகம் யாரிடம் கொடுக்கப்பட்டது என்பதற்குப் பதிவில்லை. சில கூப்பன்களுக்கு அடிக்கட்டையே இல்லை. பணத்தில் ஒரு பகுதி பொருளாளரின் சொந்தக் கணக்கில், அவருடைய வீட்டுச் செலவோடு கலந்து கிடக்கிறது. மன்றமோ பதிவு செய்யப்படவில்லை. இருபது பேருக்குக் குறையாத உறுப்பினர்களோ, ஆண்டில் 10,000 ரூபாய்க்குக் குறையாத வரவு அல்லது செலவோ உள்ள சங்கம் பதிவு செய்யப்பட்டே ஆகவேண்டும் என்று 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் சொல்லியிருக்க, ‘நாங்கள் நாற்பது பேர், எல்லோரும் ஒரே தெருப் பையன்கள்’ என்று எழுதுவது சமாதானமாகாது. பொருளாளர் யோக்கியர் என்றே வைத்துக்கொள்வோம். பிறர் ஒப்படைத்த பணத்துக்குக் கணக்குக் காட்ட முடியாதவர்மீது நம்பிக்கை மோசடிப் புகார் வந்தால், அந்த யோக்கியதையை நிரூபிக்க அவர் நீதிமன்றப் படியேற நேரும்.

இனிச் செய்யவேண்டியது இதுதான். குலுக்கல் கைவிடப்பட்டதென்று எழுத்துமூலம் அறிவித்து, அதன் நகலை ஆய்வாளரிடம் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். கூப்பன் வாங்கினவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். பரிசு வேண்டாம், நன்கொடையாகவே இருக்கட்டும் என்று சொல்பவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு தனி ரசீது தாருங்கள். மோட்டார் சைக்கிளைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளாவிட்டால் போட்டித் திடலிலேயே ஏலம் விடலாம். கோயில் கொடையில் ஏலம் கேட்டுப் பழகிய ஜனங்களுக்கு இது புதிதன்று. அதிகம் கேட்டவருக்குப் பொருள் போவதில் அதிர்ஷ்டத்துக்கு இடமில்லையாதலால் லாட்டரி என்ற ஆட்சேபமும் எழாது.

போட்டிக்கும் கச்சேரிக்கும் காவல்துறையின் எழுத்து அனுமதி வேண்டும். ஒலிபெருக்கி இரவு 10 மணிக்கு நின்றுவிட வேண்டும். நுழைவுச் சீட்டு விற்பதானால் கேளிக்கை வரி உண்டா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நிறைவில் கூட்டத்துக்குப் புடவை வழங்கப்போவதாக எழுதியிருப்பதை மட்டும் அறவே விட்டுவிடுங்கள். 2023 பிப்ரவரியில் வாணியம்பாடியில், தைப்பூசத்தை முன்னிட்டுத் தனியார் ஒருவர் இலவசப் புடவைக்கு டோக்கன் கொடுத்தபோது ஏற்பட்ட நெரிசலில் நான்கு பெண்கள் மாண்டார்கள். கொடுத்தவரின் நல்லெண்ணம் அவர்களில் ஒருவரையும் காக்கவில்லை. சிங்கப்பூரிலுள்ள ஊர்க்காரர் பணம் அனுப்புவதாகச் சொன்னால், அவர் இன்னும் இந்தியப் பிரஜைதானா என்று முதலில் விசாரியுங்கள். அந்நாட்டுப் பிரஜையாகிவிட்டவரின் நன்கொடையை, 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி அனுமதி பெறாமல் மன்றம் வாங்கக்கூடாது.

இவையெல்லாம் தங்கள் கடிதத்தை மட்டும் நம்பிச் சொன்ன பொது அபிப்பிராயம். ஆய்வாளருக்கு வாக்குமூலமாக ஒரு வரி எழுதிக் கொடுக்குமுன், நோட்டீஸ், கூப்பன் புத்தகங்கள், வங்கிக் கணக்குத் தாள் ஆகியவற்றோடு கோவில்பட்டியிலேயே ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள்.

தாங்கள் கேளாத ஒன்று. இறந்தவரின் ஆபீஸ் இ.எஸ்.ஐ.யில் சேர்ந்ததா என்று எங்கும் எழுதவில்லை. சேர்ந்திருந்தால் குடும்பத்துக்கு இ.எஸ்.ஐ. கழகத்தின் சார்ந்தோர் உதவித்தொகை உரியது. இல்லையெனில் 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டப்படி முதலாளியே பொறுப்பு, அதற்கு மரணத் தேதியிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்யவேண்டும். பதினான்கு மாதம் கழிந்துவிட்டது. பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு; இறப்புச் சான்றிதழ், முதல் தகவல் அறிக்கை, சம்பளச் சீட்டு ஏதேனும் இருந்தால் அது ஆகியவற்றுடன் அந்த அம்மாளை இந்த வாரமே நீதிமன்ற வளாகத்திலுள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவுக்கு அழைத்துச் செல்லுங்கள். கச்சேரி வேண்டுமானால் ஒரு மாதம் தள்ளிப் போகலாம்.