ராணி இருக்கிறாளா? அடையைக் கேளுங்கள்

போன மாதம் ஒரு சாயங்காலம் தண்ணீர்மலைப் பக்கத்திலிருந்து ஓர் ஆண்ட்டி போன் செய்தார். "தம்பி, மாமரத்துல தேனீ வந்து தொங்குது. பக்கத்து வீட்டுக்காரர் மருந்தடிக்கச் சொல்றாரு. சீக்கிரம் வாங்க." போய்ப் பார்த்தால் உரித்த தேங்காய் அளவுதான் இருந்தது. கீழே அட்டைப்பெட்டியைப் பிடித்துக் கிளையை ஒரு உலுக்கு உலுக்கினேன். முக்கால்வாசி விழுந்தது, மிச்சம் தானாகவே உள்ளே நடந்து வந்தது. இருட்டியதும் ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் கொண்டுவந்து மரப்பெட்டியில் விட்டேன்.

பிடிப்பது சுலபம் தம்பி தங்கைகளே. பிடித்த கூட்டம் நிலைக்குமா என்று கணிப்பதில்தான் நான் ஒருமுறை கோட்டை விட்டேன்.

பினாங்கிலும் தமிழ்நாட்டிலும் பெட்டியில் வளர்ப்பது பெரும்பாலும் ஒரே இனம்தான், ஏப்பிஸ் செரானா. சாதுவானது, ஆனால் சட்டென்று ஓடிப்போகும். அந்தப் பயத்தில் அன்று பெட்டி வாசலில் ராணித் தகடு மாட்டினேன். அதன் துளையில் பணித் தேனீ போய்வரும், ராணி வெளியே வர முடியாது. ஒரு மாதம் கழற்றவே இல்லை. திறந்தபோது அடையில் முட்டை! துள்ளிக் குதித்தேன். இரண்டு வாரத்தில் அறை மூடிகள் எல்லாம் குவிந்து மேடாக நின்றன, உச்சியில் ஊசித் துளையோடு. அத்தனையும் ஆண். புதுப் பணித் தேனீ ஒன்றுகூடப் பிறக்கவில்லை. பழையவை வயதாகிச் செத்து, பெட்டி காலியானது.

ஏன் அப்படி? ஒரு குடி பிரியும்போது முதலில் கிளம்பும் கூட்டத்தோடு கிழ ராணி போகும். அது ஏற்கனவே இணை சேர்ந்தது. பின்னால் பிரியும் சின்னக் கூட்டங்களில் இருப்பது கன்னி ராணி. அது வெளியே பறந்து போய்ப் பல ஆண்களோடு கூடித் திரும்ப வேண்டும். நான் கதவைச் சாத்திவிட்டேன். கருவுறாத முட்டையிலிருந்து ஆண் தேனீ மட்டுமே வரும். அடைத்து வைத்த ராணியின் கதையைப் பிரான்சுவா ஹூபர் 1792லேயே புத்தகமாகப் போட்டிருக்கிறார். கண் தெரியாதவர், பணியாளரின் கண்ணைக்கொண்டே எல்லாம் கண்டுபிடித்தவர். எனக்குக் கண் இருந்தும் தெரியல!

ராணியைத் தேடிப் பிடித்துப் பார்த்தால் தெரியாதா என்று கேட்பீர்கள். நம்பாதீர்கள். கிளம்புவதற்கு முன் கிழ ராணியும் வயிறு சுருங்கி மெலிந்துவிடும். அதோடு, புதுக் கூட்டத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து கிளறினால் அது ஓடியே போகும்.

அதனால் இந்த முறை தகடு போடவில்லை. இன்னொரு பெட்டியிலிருந்து முட்டையும் இளம் புழுவும் உள்ள ஓர் அடையை எடுத்து, சட்டத்தில் பேனாவால் குறி போட்டு நடுவில் வைத்தேன். புழு இருந்தால் தேனீ விட்டுப் போக யோசிக்கும். கொஞ்சம் சர்க்கரைப் பாகும் வைத்தேன். ராணி இல்லாவிட்டால் நாலைந்து நாளில் அந்த அடையிலேயே நிலக்கடலைத் தோடு மாதிரி ராணி அறை கட்ட ஆரம்பிக்கும்.

ஐந்தாம் நாள் திறந்தேன். ராணி அறை இல்லை. அப்படியானால் ராணி உண்டு. ஆனால் அவர்கள் புதிதாகக் கட்டிய வெள்ளை அடையில் முட்டையும் இல்லை. கிழ ராணியாக இருந்தால் இதற்குள் இட்டிருக்கும். ஆகக் கன்னிதான். மூடிவிட்டேன். மழை வேறு தினமும். ராணி பறக்க வெயில் வேண்டுமே என்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதிமூன்றாம் நாள் புது அடையில் அறைக்கு ஒன்றாக, அடிப்பகுதியில், குட்டி நூல் துண்டு மாதிரி முட்டை. சுவரில் ஒட்டி, ஓர் அறையில் நாலைந்து என்று கிடந்தால் பணித் தேனீ இட்டதோ என்று சந்தேகப்பட வேண்டும். இது அப்படியில்லை. ஆனாலும் இந்த முறை நான் குதிக்கவில்லை. இருபத்திரண்டாம் நாள் மறுபடி பார்த்தேன்: மூடிகள் எல்லாம் தட்டையாக, பக்கத்துக்குப் பக்கம் நெருக்கமாக.

ஆண்ட்டி தேன் எப்போ என்று கேட்கிறார். ராணியை நான் இன்னும் பார்க்கவே இல்லை.