கிளிக் பண்ணி எடுத்த புள்ளியை நம்பாதீங்க

இந்த வார எபிசோடில் அம்மாவோட வெட் கிரைண்டர் கதையைப் பாதியில விட்டுட்டேன். மீதிக் கதையும் அதோட பாடமும் இங்கே.

கிரைண்டர் அடியில இருந்த பிளாஸ்டிக் பிராக்கெட் உடைஞ்சுபோச்சு. அந்த மாடலே இப்போ வர்றதில்லை. சரி, ஸ்கேன் பண்ணி, கேட் மென்பொருள்ல வரைஞ்சு, த்ரீடி பிரிண்ட் எடுத்துடலாம்னு இறங்கினேன். ஸ்கேன் பார்க்க அருமையா இருந்தது. ரெண்டு ஸ்க்ரூ ஓட்டைகளோட விளிம்புலயும் கிளிக் பண்ணி மையம் எடுத்தேன். இடைத்தூரம் 42.6 மி.மீ. பிரிண்ட் வந்தது. ஒரு ஸ்க்ரூ ஏறுது, இன்னொண்ணு ஏறல.

தப்பு ஸ்கேனர் மேல இல்ல. ஸ்கேன் நமக்குத் தருவது ஆயிரக்கணக்கான குட்டி முக்கோணங்களால் ஆன ஒரு மெஷ், அவ்வளவுதான். அதுக்கு ஓட்டைனா என்ன, மையம்னா என்னன்னு தெரியாது. எஸ்டிஎல் கோப்பா இருந்தா அளவு மில்லிமீட்டரா அங்குலமா என்பதுகூட அதில் இருக்காது. (அதனால எப்பவும் காலிபர் வச்சு ஒரு நீளத்தை அளந்து ஒப்பிட்டுக்குங்க.) நாம கிளிக் பண்ணும்போது மாட்டுவது ஏதோ ஒரு முக்கோணத்தின் முனை. ஒவ்வொரு முனையும் உண்மையான இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளித்தான் இருக்கும். விளிம்பு இன்னும் மோசம். கூரான விளிம்பை ஸ்கேனர் மழுங்கடிச்சுடும். நான் போய் கிளிக் பண்ணினது சரியா அங்கேதான்!

அதனால புள்ளியைப் பொறுக்கக்கூடாது, உருவாக்கணும். முதல்ல மேல்முகத்தில் இருக்கிற முக்கோணங்களை, விளிம்பை விட்டுட்டு, தேர்ந்தெடுங்க. அதுக்கு ஒரு தளத்தைப் பொருத்தச் சொல்லுங்க. மென்பொருள் பொதுவா பயன்படுத்துவது மீச்சிறு வர்க்க முறை. வால்நட்சத்திரங்களோட பாதையைக் கணிக்க லெஜாந்தர் 1805-ல் வெளியிட்ட அதே கணக்குதான். நூற்றுக்கணக்கான முனைகளின் சின்னச் சின்னப் பிசகுகள் இதில் பெரும்பாலும் ஒன்றையொன்று அடிச்சுடும். அடுத்து ஓட்டையின் உள்சுவருக்கு ஒரு உருளை. உருளையின் அச்சு தளத்தை எங்கே வெட்டுதோ, அதுதான் உங்க குறிப்புப் புள்ளி. ஓட்டை நடுவுல, காத்துல இருக்கிற புள்ளி அது. ஸ்கேனர் அங்கே எதையும் பார்க்கவே இல்லை. ஆனாலும் ஸ்கேனில் உள்ள எந்த முனையையும்விட அதைத்தான் நான் நம்புவேன்.

இதுல ஒரு சிக்கல் வந்தது. என் பிராக்கெட்டோட தடிமன் வெறும் 3 மி.மீ. இவ்வளவு குட்டையான சுவரில் உருளையைப் பொருத்தினா அச்சு எந்தப் பக்கமும் சாயும். அப்போ மேல்தளத்துக்கு இணையா 1.5 மி.மீ கீழே இன்னொரு தளம் போட்டு மெஷ்ஷை வெட்டுங்க. கிடைக்கிற வளைகோட்டுக்கு ஒரு வட்டம் பொருத்தி, அதன் மையத்தை நேரா மேல்தளத்துக்கு ஏத்துங்க. திசையைத் தளம் சொல்லும், இடத்தை வட்டம் சொல்லும்.

எதைப் பொருத்தினாலும் விலகலைக் காட்டும் வண்ணப் படத்தை ஒரு தடவை பாருங்க. என் மேல்தளத்தில் ஒரு மூலை மட்டும் சிவப்பு. உடைஞ்சப்போ அந்த மூலை வளைஞ்சிருக்கு. அதை நீக்கிட்டு மறுபடி பொருத்தினேன்.

இந்தத் தடவை இடைத்தூரம் 41.93. வடிவமைச்சவர் 42-ன்னுதான் வரைஞ்சிருப்பார், நானும் 42 போட்டேன். ரெண்டு ஸ்க்ரூவும் ஏறிடுச்சு.

அம்மா மாவு ஆட்டிப் பார்த்துட்டு, "சத்தம் இன்னும் வருதேடா"ன்னாங்க. அது பெல்ட். அடுத்த எபிசோடில் பேசுவோம்.