மதுரை விளாங்குடியின் புது உபதேசியாருக்கு

தம்பி,

கன்வென்ஷன் முடிந்த கையோடு நீங்கள் தொடங்கிய பைபிள் காணிக்கை நன்றாகவே சேர்கிறது. பாதித் தொகை பிலிப்பைன்ஸ் விசுவாசிகளுக்கு, மீதி விளாங்குடியில் வீடுவீடாகக் கொடுக்க. அங்கேயும் பெயர்க் கிறிஸ்தவர்கள், இங்கேயும் பெயர்க் கிறிஸ்தவர்கள். வேதப்புத்தகம் கைக்கு வராததுதான் காரணம் என்று கமிட்டியில் பேசினீர்களாம். முதல் பாதியை மறுப்பதற்கில்லை. பிற்பாதியைத்தான் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும்.

பிலிப்பைன்ஸைப் பொறுத்தவரை உங்கள் பேச்சில் நியாயம் இருக்கிறது. 1593இல் மணிலாவில் ஸ்பானிய மொழியிலும் தகாலோக் மொழியிலும் ஒரு ஞானோபதேசச் சிறுநூல் அச்சானது. ஜெபங்கள், கட்டளைகள், விசுவாசப்பிரமாணம், அவ்வளவுதான். தகாலோக்கில் முழு வேதாகமம் வந்தது 1905இல்; அதாவது 312 ஆண்டுகள் கழித்து, ஸ்பெயின் வெளியேறி அமெரிக்கா உள்ளே வந்த பிறகு. அதற்கு முன்பு பங்காசினான் மொழியில் லூக்கா நற்செய்தியைப் பெயர்த்த முன்னாள் தொமினிக்கன் குரு அலோன்சோ லல்லாவே, வேதாகமங்களோடு 1889இல் மணிலா போய்ச் சேர்ந்தார். கொஞ்ச காலத்திலேயே அங்கே இறந்துபோனார். ஆனால் அந்த மூன்று நூற்றாண்டும் மக்கள் வெறும் பெயரோடு மட்டும் இருந்துவிடவில்லை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே கிறிஸ்துவின் பாடுகளைச் செய்யுளாக்கி, பரிசுத்த வாரத்தில் வீட்டிலும் தெருவிலும் ராகம் போட்டுப் பாடிவந்தார்கள், இன்றும் பாடுகிறார்கள். புத்தகம் வராத இடத்திலும் கதை போய்ச் சேர்ந்திருந்தது. 2020 கணக்கெடுப்பில் அந்நாட்டில் பத்தில் எட்டுப் பேர் கத்தோலிக்கர். அந்த எட்டுப் பேரையும் ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுவது எளிது, நியாயமல்ல.

நம் கதை வேறு மாதிரி. கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானது 1578இல். அதுவும் ஞானோபதேசச் சிறுநூல்தான். ஆனால் 137 ஆண்டுகளிலேயே, 1715இல், தரங்கம்பாடியில் சீகன்பால்கின் புதிய ஏற்பாடு வந்துவிட்டது. ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்தன; அந்த அளவில் அச்சிட்டால் காகிதம் போதாது. ஆகவே இங்கேயே சின்ன எழுத்துகளை வார்த்தார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டி டப்பாக்களின் ஈயத்தை அதற்காக உருக்கினார்கள் என்று ஒரு கதை உண்டு. பழைய ஏற்பாட்டின் மிச்சத்தை 1728க்குள் சூல்ட்சே முடித்தார். பிறகு பப்ரிசியஸ், ரேனியஸ், ஆறுமுக நாவலரை உடன் வைத்துக்கொண்டு உழைத்த பெர்சிவல், 1871இல் பவர் குழு. உங்கள் சபையார் ஞாயிறு காலையில் அக்குளில் இடுக்கிக்கொண்டு வருவது பெரும்பாலும் பவர் குழுவின் மொழிபெயர்ப்பைத்தான். ஆக, முழு வேதாகமம் தமிழில் வந்து முந்நூறு ஆண்டு நெருங்குகிறது. புத்தகம் கையில் இருந்தால் போதும் என்றால் நம்மிடையே பெயர்க் கிறிஸ்தவர் ஒருவர்கூட மிஞ்சியிருக்கக் கூடாதே?

திண்டுக்கல் ரோட்டை ஒட்டிய புது வீடுகளில் ஒரு சுற்று போய்வாருங்கள். கல்யாணத்தன்று மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுத்த பைபிள் ஷோகேஸில் இருக்கும், ஜிப் உறையோடு. முதல் பக்கத்தில் பிள்ளைகள் பிறந்த தேதி, ஞானஸ்நானத் தேதி. வீட்டுப் பிரதிஷ்டையன்று முதலில் உள்ளே போனதும் அதுதான். பயந்து அழும் குழந்தையின் தலையணைக்கு அடியில் வைப்பதும், பெரியவர் இறந்தால் பெட்டியில் கையோடு வைப்பதும் அதையே. பிறப்பிலிருந்து சாவுவரை கூடவே வருகிற புத்தகம், நடுவில் திறக்கப்படுவதில்லை. இந்த வீட்டுக்கு இன்னொரு பைபிளைக் கொடுத்தால் அது ஷோகேஸின் இரண்டாவது தட்டுக்குப் போகும்.

திறக்கிறவர்களும் எப்படித் திறக்கிறார்கள் என்பது அடுத்த விஷயம். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். எரேமியா 29:11 வந்தவருக்கு வருஷமே கைக்கு வந்த மாதிரி. அது பாபிலோனில் சிறைப்பட்டுக் கிடந்தவர்களுக்கு எழுதிய கடிதத்தின் நடுவரி. எழுபது வருஷம் அங்கேதான் இருக்கப்போகிறீர்கள் என்று அதற்கு முந்தின வசனமே சொல்லிவிடுகிறது. அட்டையில் அதற்கு இடமில்லை! அட்டையை நிறுத்தச் சொல்லிச் சண்டைக்குப் போகாதீர்கள், தோற்றுப்போவீர்கள். ஜனவரி முதல் வாரத்தில் அட்டை எடுத்த ஒவ்வொருவரையும் அந்த அதிகாரம் முழுவதையும் சத்தமாக வாசிக்க வையுங்கள். அது போதும், சிலர் தாங்களாகவே கேள்வி கேட்க ஆரம்பிப்பார்கள்.

உங்கள் வேலை மதுரைக்குப் புதிதல்ல. பழைய கத்தோலிக்க மதுரை மிஷனில் குருமார் எப்போதோ வருவார்கள்; ஊர் ஊராகச் சபையைத் தாங்கியவர்கள் உபதேசிமார். அவர்களுக்கென்றே வீரமாமுனிவர் ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதினார். 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன், பிற்பாடு ‘பைபிள் உமன்’ என்ற பெண் ஊழியர்களை வீடுகளுக்கு அனுப்பியது. எழுத்தே தெரியாத பெண்களின் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக்காட்டி, அப்படியே எழுத்தும் கற்பித்தார்கள். புத்தகத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த வாசலுக்கு ஓடுவதல்ல அந்த வேலை. ஒரே திண்ணைக்குத் திரும்பத் திரும்பப் போவது.

தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்படி எழுத்தறிவு 80 விழுக்காடு. எழுத்தறியாத மற்றவர்களில் உங்கள் சபைப் பாட்டிமாரும் உண்டு. அவர்களுக்காகப் பக்கத்து அரசரடிக்கு ஒருமுறை போய்வாருங்கள். அங்குள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த தியாபிலஸ் அப்பாவு, பறட்டை என்று எல்லோரும் கூப்பிட்டவர், 2005இல் காலமானார். ஆராதனையை நாட்டுப்புற மெட்டுக்கும் பறைக்கும் கொண்டுவந்தவர் அவர். அவரிடம் படித்த ஐயர்மார் இன்னும் இருக்கிறார்கள். களத்துமேட்டுப் பாட்டாக ஒரு உவமையைக் கேட்ட பாட்டி அதை மறப்பதில்லை. போனில் ஒலி வேதாகமம் போட்டுக் கொடுப்பதும் நல்ல வழிதான். சொல்லிக்கொடுக்கப் பேரப்பிள்ளை பக்கத்தில் இருந்தால்.

காணிக்கைப் பணத்தை வீணாக்கச் சொல்லவில்லை. பிலிப்பைன்ஸ் பாதியை அனுப்புமுன் அதை அங்கே வாங்கிக்கொள்ளும் மிஷனரியிடம் எந்த மொழியில் வாங்குகிறீர்கள் என்று கேளுங்கள். நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் உள்ள நாடு அது. செபுவானோ பேசும் கிராமத்துக்குத் தகாலோக் பைபிள் போனால் அது பாடப்புத்தகமாகத்தான் தெரியும். விளாங்குடிப் பாதியில் முதலில் பெரிய எழுத்துப் பிரதிகள் வாங்குங்கள். அறுபது தாண்டிய பலர் வாசிக்காததற்குக் காரணம் விசுவாசக் குறைவல்ல, கண்புரை. மற்றவர்களுக்குத் தனித்தனி நற்செய்திப் பிரதிகள் போதும். மாற்கு பதினாறே அதிகாரம், ஒரு வீட்டுக்கூட்டம் ஒரு மாதத்தில் முடித்துவிடும். சும்மா கொடுக்காமல் ஒரு சின்னத் தொகை வாங்குங்கள். பழைய வேதாகமச் சங்கத்தாரும் தெருத்தெருவாக விற்கத்தான் செய்தார்கள்.

கடைசியாக ஒன்று. பாத்திமா கல்லூரிப் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளையும் உங்கள் பட்டியலில் சேர்த்திருப்பதாகத் தெரிகிறது. பூசைக்கும் சிலுவைப் பாதைக்கும் தவறாமல் போகிறவர்களைப் பெயர்க் கிறிஸ்தவர் என்று எழுதிவைத்த அந்தத் தாளை முதலில் கிழித்துப் போடுங்கள். 1965இல் வத்திக்கான் சங்கமே வேதம் எல்லோர் கைக்கும் எட்ட வேண்டும் என்று ஏடெழுதியது; 1995இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து திருவிவிலியத்தைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் பைபிளில் 73 நூல்கள், நம்முடையதில் 66. கொடுப்பதானால் அவர்களுடையதை வாங்குங்கள். பங்குத்தந்தையை நேரில் பார்த்துச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். அவரே பங்கின் சிறு குழுக்களான அன்பியங்கள் இரண்டில் சேர்ந்து வாசிக்க ஏற்பாடு செய்தாலும் செய்வார்.