குட்டி ராணுவ லாரி நொண்டாமல் நிற்க...

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைக்குச் சரக்கு சுமந்த ஜிஎம்சி இரண்டரை டன் லாரியை 1/35 அளவில் செய்தால், நீளம் 20 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும்.

மாடல் கிட்டின் பாகங்களைச் சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். பிசுக்கு இருந்தால் பெயின்ட் பிடிக்காது. பாகங்கள் இணைந்திருக்கும் சட்டத்திலிருந்து பாகத்தை ஒட்ட நறுக்காமல், துளி விட்டு வெட்டி உப்புத்தாளில் தேயுங்கள்.

சேஸிஸில்தான் பொறுமை வேண்டும். பின்பக்கம் இரண்டு அச்சுகளிலும் இரட்டைச் சக்கரங்கள் என்பதால் மொத்தம் பத்து. பசை இறுகும் முன் கண்ணாடித் துண்டின்மேல் நிறுத்திப் பாருங்கள். ஒரு சக்கரம் தூக்கினாலும் வண்டி நொண்டும். (என் முதல் லாரி இன்றும் நொண்டிதான்!)

கேபினை மூடும் முன்பே உள்ளே வண்ணம் பூசிவிடுங்கள். ஆலிவ் பச்சையை அப்படியே அடித்தால் சிறிய மாடலில் கறுத்துத் தெரியும். கொஞ்சம் மங்கிய மஞ்சள் கலந்து, மெல்லிசாக இரண்டு மூன்று பூச்சு கொடுங்கள். அமெரிக்கப் படையின் வெள்ளை நட்சத்திரச் சின்னத்தை ஒட்டும் இடத்தில் முதலில் பளபளப்பு வார்னிஷ், ஒட்டிக் காய்ந்தபின் மேட் வார்னிஷ்.

துருவை அள்ளி அப்பாதீர்கள். 1944இல் பிரான்சில் ஓடியபோது இந்த லாரிகள் சில வருட வண்டிகளே. புழுதி போதும்.

பசை, பெயின்ட் வேலையின்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள்.