புகையை அடக்கும் யூரியா

தியாகராய நகரில் ஓடும் புதிய டீசல் பேருந்துகள், 2020 ஏப்ரலில் வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிக்காக, யூரியாக் கரைசலையும் சுமக்கின்றன. ஆம், பயிருக்கு இடும் யூரியாவே. தூய்மை மட்டும் மிகுதி.

எஞ்சினின் கடும் வெப்பத்தில் காற்றின் நைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடி, நுரையீரலுக்குத் தீங்கான நைட்ரஜன் ஆக்சைடுகள் உண்டாகின்றன. புகைக்குழாயில் பீச்சப்படும் யூரியா சூட்டில் சிதைந்து அம்மோனியா தருகிறது. அது இவற்றை நைட்ரஜனும் நீராவியுமாக மாற்றவேண்டும். ஆனால் புகையில் ஆக்சிஜனும் ஏராளமாயிற்றே. அம்மோனியா அதனோடு சேர்ந்துவிடாதா?

இங்குதான் சியோலைட் உதவுகிறது. சிலிக்கன், அலுமினியம், ஆக்சிஜன் அணுக்களாலான நுண்துளைக் கூடு அது. அதனுள் அமர்ந்த செம்பு அயனிகள் அம்மோனியாவை நைட்ரஜன் ஆக்சைடுகளோடு வினைபுரியச் செய்கின்றன. இரும்பும் இதைச் செய்யும். ஆனால் கூடுதல் சூடு கேட்கும். செம்புக்கு ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் போதும்.

உஸ்மான் சாலை நெரிசலில் ஊரும் பேருந்தின் புகை அந்தச் சூட்டையும் எட்டாமல் போகலாம். அப்போது யூரியா பீச்சப்படாது. நைட்ரஜன் ஆக்சைடுகள் அப்படியே வெளியேறும்.