வளரும் பன்றிக்குட்டிகளின் தீனியில் புரதத்தின் தரம்

நீர்கொழும்பு முதல் சிலாபம் வரையுள்ள கரையோரப் பகுதிகளில் அரிசித் தவிடும் தேங்காய்ப் பிண்ணாக்கும் எளிதிற் கிடைக்கும். இவற்றைச் சரிபாதியாகக் கலந்து பன்றிகளுக்குக் கொடுப்போர் உளர். இக்கலவையில் நூற்றுக்கு ஏறக்குறைய 16 பங்கு புரதம் உண்டு, கணக்கிற் பெருங்குறையில்லை. ஆயினும் 25, 30 கிலோ எடையுள்ள குட்டிகள் இத்தீனியில் மெல்லவே வளரும். இறைச்சி வைக்கவேண்டிய பருவத்திற் கொழுப்பு வைக்கும். இதற்குக் குட்டியின் இனத்தைக் குறைகூறிப் பயனில்லை.

புரதம் அமினோ அமிலங்கள் என்னும் சிறு கூறுகள் பல கோத்து அமைந்தது. பன்றி அக்கூறுகளைக் கொண்டே தசையைக் கட்டுகின்றது. அவற்றுட் சிலவற்றை உடல் தானே ஆக்கமாட்டாது. தீனியிலிருந்தே பெறுதல் வேண்டும். அவற்றில் ஒன்று குறையினும் வளர்ச்சி அவ்வளவோடு நின்றுவிடும். வரம்பில் ஓரிடம் தாழ்ந்திருப்பின், ஏனைய இடங்களை எவ்வளவு உயர்த்தினும் வயலில் நீர் அம்மட்டத்திற்கு மேல் நில்லாமையைக் கமக்காரர் அறிவர். தசை கட்டுதற்கு உதவாது மிஞ்சியவற்றின் நைதரசன் சிறுநீரோடு கழியும். பன்றிக் கொட்டிலில் மூக்கைத் துளைக்கும் நெடியில் ஒரு பங்கு, தீனிக்குக் கொடுத்த பணமே.

வழக்கமாகத் தாழ்ந்து நிற்கும் கூறு இலைசீன். இப்பருவத்துக் குட்டிகளின் தீனியில் 100 கிலோவுக்கு ஏறக்குறைய 1 கிலோ இலைசீன் இருத்தல் வேண்டும். தவிட்டிலும் தேங்காய்ப் பிண்ணாக்கிலும் 100 கிலோவுக்கு அரைக் கிலோவுக்குச் சற்றே மேற்பட்ட அளவுதான் உண்டு. ஆதலின் பிண்ணாக்கைக் கூட்டுவதால் இக்குறை தீராது. ஆலையில் மிகுந்த சூடுபட்ட பிண்ணாக்கிலோ, உள்ள இலைசீனிலும் ஒரு பகுதி உடலுக்குப் பயன்படாது போகும். கருநிறமும் தீய்ந்த மணமும் உடையதை மலிவென்று வாங்குதல் நட்டம்.

சோயாப் பிண்ணாக்கில் 100 கிலோவுக்கு ஏறக்குறைய 3 கிலோ இலைசீன் உண்டு. சோளம் 30 கிலோ, தவிடு 30 கிலோ, தேங்காய்ப் பிண்ணாக்கு 20 கிலோ, சோயாப் பிண்ணாக்கு 20 கிலோ எனக் கலந்தால் வேண்டிய அளவை ஏறக்குறைய எட்டலாம். உப்பு, கனிப்பொருள், உயிர்ச்சத்து ஆகியவற்றைத் தனியே சேர்த்தல் வேண்டும். கடையில் விற்கும் இலைசீன் தூளை மட்டும் அள்ளிப் போடுதல் போதாது. அப்போது திரியோனீன் போன்ற வேறொன்று தாழ்ந்த இடமாகிவிடும். நல்ல மீன்தூளும் இலைசீன் மிக்கதே. ஆனால் அதை மிகுதியாகக் கொடுத்தால் இறைச்சியில் மீன்வாடை ஏறும். ஆதலின் அறுப்புக்குச் சில வாரங்களின் முன்னர் நிறுத்துக.

சொந்த நிலத்தில் விளைந்த சோயா அவரையைப் பச்சையாகக் கொடுத்தலாகாது. புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள் அதில் உண்டு. நன்றாக அவித்தோ வறுத்தோ, ஆறிய பின்னரே தீனியிற் சேர்த்தல் வேண்டும்.